அறுபத்திரண்டு கஜம்

“ஜன்னலைத் தெற ஆர்டிஸ். கண்ணாடி குறுக்க இருந்தா இது கண்ணாடியத்தான் அளக்கும்.”

ஆர்டிஸ் கணவனின் நெஞ்சுவரை கம்பளியை இழுத்துவிட்டு ஜன்னலை மேலே தூக்கினாள். நவம்பர்க் குளிர் உள்ளே வந்தது. வெர்லின் படுத்தபடியே லேசர் தூரமானியைக் கண்ணில் வைத்தான். நடுங்கிய முழங்கையைத் தம்பி டுவேன் தாங்கிக்கொண்டான். அறுத்த சோள வயலுக்கு அப்பால் ஓக் மரம். அதில் வெர்லின் மான் வேட்டைக்குக் கட்டிய பரண்.

“அறுபத்திரண்டு கஜம். இது சரி. கறுப்பக் குடு.”

டுவேன் கடையிலிருந்து இரண்டு தூரமானிகள் கொண்டுவந்திருந்தான். பிடிக்காததைத் திருப்பிவிடலாம்.

“ஆறுன்னு காட்டுது,” வெர்லின் முகம் சுளித்தான். “ஜன்னலோரச் செடிக் குச்சியப் பிடிச்சுக்குச்சு. அடேய், இது கோல்ஃப் ஆடறவனுக்குள்ளது. முன்னால எது நிக்குதோ அதத்தான் சொல்லும். அம்பு விடறவனுக்குக் குச்சி எதுக்கு?”

“நீ கோல்ஃப் கத்துக்கயேன் அண்ணே.”

“அதுக்குச் செத்தே போகலாம்.”

டுவேன் கறுப்பை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனான்.

அங்கே ஆர்டிஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “சனிக்கிழமை பரண் ஏறப் போறாரா? எதுக்கு இந்த நாடகம்?”

“அண்ணன் கேட்டாரு அண்ணி. மாட்டேன்னா சொல்றது?”

“காலைலேர்ந்து கஜக் கணக்குதான். என்கிட்ட வேற ஒரு வார்த்தை பேசல.”

அவள் கிண்ணத்தோடு திரும்பியபோது, வயலைப் பார்த்தபடியே வெர்லினின் கண்கள் நிலைத்திருந்தன.

டுவேன் சவ அடக்கக்காரருக்குத் தொலைபேசினான். அண்ணன் தம்பி இருவரும் தொட்டதையெல்லாம் ஆர்டிஸ் ஒழுங்குபடுத்தினாள். ஜன்னலை மூடப் போனவள், மூடாமல், அவன் தேர்ந்தெடுத்த தூரமானியை எடுத்துப் பரணைப் பார்த்தாள். அறுபத்திரண்டு.

பிறகு கறுப்பை எடுத்தாள். குச்சியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

நாற்பத்தொன்று.

கருவியை இறக்கிப் பார்த்தாள். வயலில் மான் இல்லை. காற்றுகூட இல்லை. சோளத் தாள்கள் மட்டும்.

“வண்டி கிளம்பிடுச்சாம்,” டுவேன் வாசலில் நின்றான். “இதுல ஒண்ண நாளைக்குக் கடையில குடுத்துடறேன் அண்ணி.”

அவள் அவன் கையில் ஒன்றை வைத்தாள்.

“இதுதான அண்ணன் வேணும்னது?”

“தெரியும். கொண்டு போ.”

அவன் போனதும் குச்சியை விலக்கிக் கறுப்பை மறுபடி அழுத்தினாள். இருபத்தொன்பது.

ஆர்டிஸ் ஜன்னலை இன்னும் மேலே, அது போகும் மட்டும் தூக்கிவிட்டு, கட்டிலோரத்து நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள்.