நாற்பத்திரண்டாவது சாவு

இடுப்பு வலித்தது. இடது பக்கம், எலும்புக்கு உள்ளே. குதிரையிலிருந்து நாற்பத்திரண்டு முறை விழுந்த இடுப்பு. வலியைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனபோதுதான் நான் இறந்துவிட்ட விஷயம் தெரிந்தது.

மகள் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகை. என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சுக் கோத்திருந்தார்கள்.

"அத எடுங்க," என்றேன்.

"எடுக்கலாம். உசுரோட இருக்கிற சீட்டு வாங்கிட்டு வாங்க. நாலு மணிக்கு மிஷின் ஓடும்," என்றார் அச்சகக்காரர். "அப்புறம் மணவறையில உங்களுக்கு இடம் கிடையாது. மண்டபத்துச் செவுத்துல ஆணி அடிச்சாச்சு, படம் மாட்ட."

சீட்டு கொடுக்கும் அலுவலகம் கோடம்பாக்கத்தில் இருந்தது. முகப்பு மட்டும்தான். பின்னால் மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நீளமான தாழ்வாரம். நான் நொண்ட நொண்ட அது நீண்டது. நொண்டுகிறவனுக்கு எந்த அலுவலகமும் அப்படித்தான்.

நான் பல்லாவரத்தில் கல் உடைத்தவன். ஒருநாள் சினிமாக் கம்பெனிக்காரர்கள் குவாரிக்கு வந்து, இதுதான் மெக்சிகோ என்றார்கள். எங்களுக்குத் தொப்பி கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் கௌபாய் படங்களில் வில்லனுக்குப் பக்கத்தில் நின்றேன். கதாநாயகன் தொந்தியைத் தோல் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிச் சுடுவான். துப்பாக்கி எந்தத் திசையில் இருந்தாலும் நான் விழ வேண்டும். குறி தவறாதவன் என்று அவன் பெயர் வாங்கியது என் இடுப்பால்.

பெஞ்சில் ஒரு குதிரை உட்கார்ந்திருந்தது. என்னோடு பதினோரு படம் வேலை பார்த்த குதிரை. தெரியாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் சீட்டு உடனே வந்தது.

அலுவலர் ஏகாம்பரம் சட்டையில் தகர நட்சத்திரம் குத்தியிருந்தார்.

"பேரு?"

"துளசிங்கம்."

பேரேட்டைப் புரட்டினார். "சாவு நாப்பத்திரண்டு. சிரிப்பு நாப்பத்தொண்ணு. ஒண்ணு இடிக்குது."

படப்பிடிப்பில் ஒரு சாங்கியம் உண்டு. சாகிற காட்சி முடிந்ததும், கேமரா நிற்பதற்குள் எழுந்து சிரித்துவிட வேண்டும். சிரிப்பும் பிலிமில் ஏறினால்தான் சாவு ரத்தாகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடைசிப் படத்தில் நான் விழுந்ததும் கதாநாயகனுக்குப் பசித்துவிட்டது. "இவன் சிரிப்புக்கு எதுக்குய்யா பிலிமு," என்றான். கேமராவை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

"அது கம்பெனி தப்பு சார்."

"செத்தது யாரு, கம்பெனியா?"

"குதிரைக்கு மட்டும் குடுத்தீங்க."

"அது பல்லக் காட்டிச்சு. பதிவாயிருக்கு."

"இப்ப சிரிக்கிறேன்."

"என்னைப் பாத்துச் சிரிச்சு என்ன புண்ணியம்? கேமராவப் பாத்துச் சிரி."

நாலு பேர் வந்து சுவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் குவாரி இருந்தது. கேமரா இருந்தது. டைரக்டர் குடைக்குக் கீழே நின்றார். கதாநாயகன் அதே வாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் இளிச்சுத் தொலைடா," என்றான். "ரசம் ஆறுது."

செண்பகம் பட்டுப்புடவையில் நின்றாள். கையில் மாலை. அது என் கழுத்துக்கா, என் படத்துக்கா என்று இன்னும் முடிவாகவில்லை.

"சிரிங்கப்பா. ஒரே ஒரு தடவ."

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"ஒண்ணும் நடிக்காத துளசி," என்றார் டைரக்டர். "நீ நடிச்சா நல்லாருக்காது. நில்லு. சிரி. அவ்வளவுதான்."

நின்றேன். மணவறையில் அவள் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. பொய்ச் சிரிப்பு இல்லை. உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"ஆக்‌ஷன்," என்றார் டைரக்டர்.

பதினெட்டு வருஷமும் அந்தச் சொல்லுக்கு நான் ஒன்றைத்தான் செய்திருக்கிறேன். நெஞ்சைப் பிடித்தேன். இடது பக்கம் சாய்ந்து விழுந்தேன்.

"கட். அருமையான சாவு," என்றார். "பிலிமும் தீந்துது."

ஏகாம்பரம் நாற்பத்து மூன்று என்று எழுதினார். தூரத்தில் அச்சக மிஷின் ஓட ஆரம்பித்தது. செண்பகம் மாலையைப் பைக்குள் மடித்து வைத்தாள். ஆணி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாரையோ கேட்டாள். கதாநாயகன் மோர் கேட்டான்.

கம்பெனி எனக்குத் தர வேண்டியது இரண்டு சிரிப்பு.