கண்ணைக் குத்தும் கிளை

என் கணவர் கிக்குவோவுக்குத் தொட்டியில் வளர்க்கும் குட்டை மரங்கள்தான் மூத்த தாரம், நான் இரண்டாவது. நாற்பது வருடமாக இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி வந்தேன். அவர் சிரித்துவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

பதினோரு வருடத்துக்கு முன், என் அம்மா இறந்தபின் வந்த முதல் ஓபோன். செத்தவர்கள் வீடு தேடி வரும் ஆகஸ்ட் நாட்கள். என் பிறந்த ஊரான அகிதாவுக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன்.

"இந்த வெயில்ல ஒருநாள் தண்ணி விடலைன்னா எல்லாம் கருகிடும், ஃபுசாயே. நீ போய்ட்டு வா" என்றார்.

தனியாகப் போனேன். "மாப்பிள்ளை வரலியா?" என்று அண்ணி சபை நடுவில் கேட்டாள். திரும்பி வந்ததும் சமையலறை ஜன்னலின் மூங்கில் திரையை இறக்கிவிட்டேன். அந்த மரங்கள் என் கண்ணில் படக்கூடாது. பிறகு அதை ஏற்றவே இல்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு சாண் உயர எல்ம் மரத்துப் போன்சாய் ஒன்றைக் கொண்டுவந்து, ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் அதே ஜன்னலுக்கு வெளியே பலகை அடித்து வைத்தார். என்னைச் சீண்டத்தான் செய்கிறார் என்று நினைத்தேன்.

போன நவம்பரில் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சு பாதி போனது. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். மற்ற மரங்களை அவருடைய போன்சாய் சங்கத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர் அறையில் ஒரு தொட்டி வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னதால் எல்மை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அதை என் கையால் தொட்டி மாற்றி, அழகாக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழைய கோபத்தை அப்படியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன்.

மார்ச்சில் மொட்டு உப்பியதும் சங்கத்து ஹிராய்வா உதவிக்கு வந்தார். தொட்டியோடு பிணைத்திருந்த கட்டுக்கம்பியை வெட்டி மரத்தைத் தூக்கினோம். வேர்கள் தொட்டியின் வடிவத்துக்கே சுருண்டிருந்தன. நான் குச்சியால் பழைய மண்ணைக் கோதினேன்.

"மெதுவா, ஃபுசாயே-சான். நூடுல்ஸ் கிளறுற மாதிரி கிளறுறீங்க!"

"நாப்பது வருஷமா அதைத்தானே செய்யுறேன்."

வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கினோம். பிறகு ஹிராய்வா மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு எது முன்பக்கம், எங்கேருந்து பார்க்கணும்? கண்காட்சிக்கே கொண்டுவரலியே அவரு."

"தோட்டத்துப் பக்கம்தான். அங்க நின்னுதானே தினமும் தண்ணி ஊத்துவாரு."

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கிளை நேராக நம் முகத்துக்கு நீண்டது. உச்சியும் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருந்தது.

"இதைக் கண்ணைக் குத்துற கிளைன்னு சொல்வோம். பின்பக்கம் இருந்தா மரத்துக்கு ஆழம் குடுக்கும். முன்பக்கம் இருக்கவே கூடாது" என்றார் ஹிராய்வா. "ஆனா கிக்குவோ-சான் இதை ஏன் விட்டு வச்சாரு? வெட்டிட்டா மறுபடி இப்படி வர பத்து வருஷம் ஆகும். ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள இலையெல்லாம் உதிர்ந்துடும். குடுங்க கத்திரியை."

நானே வெட்டினேன். வெட்டுவாயில் பசை தடவினோம். மரம் பார்க்கிறவருக்குத் தலைகுனிய வேண்டும் என்று ஹிராய்வா சொன்னதால், உச்சியைத் தோட்டத்துப் பக்கம் சாய்த்து நட்டோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை அவர் மேசையில் அவரைப் பார்க்க வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்படிங்க? நானே செஞ்சேன்."

அவர் இடது கையால் வெட்டுவாயைத் தொட்டார். பிறகு மரத்தைத் தாண்டி என்னைக் காட்டினார்.

"முன்... பக்கம்... அங்க."

"எங்க?"

"நீ. ஜன்னல்... சமையல்."

மரத்தின் முன்பக்கம் சமையலறை ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. என் பக்கத்திலிருந்து அன்றுதான் அந்த மரத்தைப் பார்த்தேன். இரு பக்கமும் கிளைகள் அளவாக விரிந்திருந்தன. நடுவில், பின்னால் ஆழம் இருந்திருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று இருந்தது. எனக்குத் தலைகுனிந்து நின்ற மரத்தை, நானே நிமிர்த்திப் புறங்காட்ட வைத்திருந்தேன். பதினோரு வருடமாக அவர் அதன் முதுகுக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"திரைய... ஏத்துவே... ன்னு."

அந்தத் திரையின் கயிற்றை ஒருமுறை இழுத்திருந்தால் போதும். நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த வார்த்தை தேடினார். கடைசியில் வெட்டுவாயைப் பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"சுத்தமா... வெட்டியிருக்கே" என்றார்.