குரலின் முகவரி

பல்கலைக்கழகம் மோசஸ் கீசிஸ் தன் குரலில் சொன்ன கதைகளை இணையத்தில் ஏற்றிய ஜூலை மாதத்தில், அவர் மகள் ஜோசெட்டின் வீட்டுக்குத் தவளைகள் வரத் தொடங்கின. முதலில் தலையணைக்கு அடியில் ஒன்று. வாரக் கடைசியில் காபிக் கெட்டிலுக்குள்ளும் மடித்து வைத்த துணிகளுக்கு நடுவிலும் இருந்தன. வெள்ளைமீன் ஏரிக்கரைப் பழங்குடிகளான எங்கள் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. கதை என்பது தரையில் பனி கிடக்கும்போது மட்டும் சொல்ல வேண்டியது. தவளையும் பாம்பும் விழித்திருக்கும் மாதங்களில் சொன்னால், தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்து, கதை சொன்னவர் வீட்டைத் தேடி வந்துவிடும். அடுத்த வீட்டுக்குப் போகாது. எங்களுக்கு இருந்ததெல்லாம் பயம்தான்.

மோசஸ் மேல் குற்றம் சொல்ல முடியாது. எழுபதுகளில் ஒரு ஜனவரியில் பேராசிரியர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, எங்கள் முறைப்படி புகையிலை கொடுத்துக் கதை கேட்டார். மோசஸ் ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். குளிர்காலத்தில் நாடாவுக்குள் போன கதை கோடையில் வெளியே வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், தேடி வந்தவற்றின் கையில், அவர் வீட்டிலேயே குடியிருந்த மகள் சிக்கினாள்.

ஜோசெட்டுக்கு நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒரே குழந்தை ரோவீனா. ஆகஸ்டில் ஒரு காலை குழந்தை சிரிப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். கோடு போட்ட பாம்பு ஒன்றைப் பிடித்து ரோவீனா தன் வாயில் வைக்கப் போய்க்கொண்டிருந்தாள். விஷமில்லாத பாம்புதான். ஆனாலும் ஜோசெட் அதைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

தம்பி ஆர்லோ தன் வண்டியில் அவளை நகரத்துக்கு அழைத்துப் போனான். "அப்பா உயிரோட இருந்தப்ப அவர் பேச்சை நீயே கேட்டதில்ல. இப்ப உலகமே கேக்குது, நமக்குத்தான் தூக்கம் போச்சு" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் தலைவி டாக்டர் ஹாஸ்கெட் நல்ல மனுஷி, காபி கொடுத்தாள். "சந்தோஷமான சேதிங்க, நாளுக்கு நாள் கேக்கறவங்க கூடிக்கிட்டே போறாங்க" என்றாள்.

"அதான் எங்க வீட்டுல தெரியுதே" என்றாள் ஜோசெட். "பனி உருகுனதுலேர்ந்து மறுபடி விழற வரைக்கும் மூடி வையுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"கம்ப்யூட்டருக்குக் கோடை, குளிர்னெல்லாம் கிடையாதுங்களே. அதோட அந்தக் குரலோட உரிமை பல்கலைக்கழகத்தோடது. ஆனா உங்க நம்பிக்கைய மதிக்கணும். ஒரு அறிவிப்பு போட்டுடறோம்."

போட்டார்கள். கோடையில் இக்கதைகளைக் கேட்கக் கூடாது என்பது இம்மக்களின் நம்பிக்கை என்று கதையைக் கேட்க அமுக்கும் பொத்தானுக்கு மேலேயே போட்டார்கள். அப்படிச் சொன்னால் யார்தான் அமுக்காமல் இருப்பார்கள்? பாம்புகள் தண்ணீர்க் குழாய் வழியாக வந்தன. சுவருக்குள் ஊர்ந்தன; காதை வைத்தால் கேட்டது. ஜோசெட் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்தே தூங்கினாள். ஏரித் தண்ணீரில் விளையும் காட்டரிசியின் அறுப்புக்கு அவளைத் தன் படகில் ஏற்றிக்கொள்ள ஒருவரும் துணியவில்லை, நான் உட்பட. அந்த நாட்களில் ஒரு காலை அவள் கண்ணயர்ந்த நேரத்தில் குழந்தையின் கழுத்தை ஒரு பாம்பு சுற்றிக்கொண்டது. பிரித்தெடுத்தபோது ரோவீனாவின் உதடு நீலமாகியிருந்தது.

குழந்தைக்கு மூச்சு திரும்பியதும் ஜோசெட் நேராக ஏரிக்குப் போனாள். ஆர்லோ பின்னாலேயே ஓடினான். "அக்கா, வேணாம். தண்ணிகிட்ட சொன்னா சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது." அவள் தண்ணீரில் புகையிலையைத் தூவிவிட்டு, கரையிலிருந்த தவளை, பாம்பு அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தக் குரல் எங்களுது இல்ல. அது எங்கப்பா குரலே இல்ல. அதுக்கு உரியவங்க யாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க." பிறகு நகரத்தின் பெயரையும் தெருவையும் கட்டடத்தையும் மூன்றாம் மாடியையும் பொறுமையாகச் சொன்னாள்.

தெற்கே நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலை அன்று மாலை முழுக்கத் தவளையும் பாம்புமாய் ஈரமாக அசைந்தது. மரம் ஏற்றிய லாரிகள் நின்று வழிவிட்டன. டாக்டர் ஹாஸ்கெட் மறுவாரம் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், தொலைபேசியை எடுத்தாள். கோடை எது, குளிர் எது என்று கம்ப்யூட்டருக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. இப்போது பனி உருகியதும் பொத்தான் காணாமல் போகும், விழுந்ததும் வரும். பழைய பாக்கிக்கு இன்னும் சில பாம்புகள் வருவதால், மூன்றாம் மாடியில் ஜூலை மாதம் எல்லோரும் முழங்கால் வரை ரப்பர் காலணி போடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

ரோவீனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், முதல் பனி விழுந்த அன்று ஆர்லோ தன் போனில் அப்பாவின் கதையைப் போட்டான். "யாரும்மா இது?" என்றது குழந்தை.

ஜோசெட் செதில் எடுத்துக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, எங்கேயாவது கேட்ட குரலா என்று தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுப் பார்த்தாள்.

"தெரியலம்மா. யாரோ பெரியவர். நல்லாத்தான் சொல்றாரு" என்றாள்.

ஆர்லோ எழுந்து அடுப்பில் விறகு வைத்தான். வெளியே பனி நன்றாகவே பெய்துகொண்டிருந்தது, அதனால் கதையை முழுவதும் கேட்டார்கள்.