எழுந்து போகாத தாய்

பெற்ற பிள்ளை தவழ்ந்து போய் லயத்து வீட்டின் முன்னால் ஓடும் கழிவுநீர்க் கானில் விழுந்து வீரிட்டுக் கத்துகிறது. தாய்க்காரி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஓடி வந்து தூக்காவிட்டால் மழைத் தண்ணீர் பிள்ளையை அடித்துக்கொண்டு போயிருக்கும். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம் முழுக்க ஒரு வாரமாக இதே பேச்சுதான். கொழுந்து மலையிலிருந்து கோயில் வாசல் வரை ஆளுக்கு ஆள் கண் காது மூக்கு வைத்து சர்மிளாவை ராட்சசி ஆக்கிவிட்டார்கள். வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கிறார்கள்?

சர்மிளாவின் தங்கை லோஜினி கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள். அம்மா காளியாயி போனில் அழுதுகொண்டே சொன்னபோது அவள் நம்பவில்லை. அக்காவா? பிள்ளை தும்மினாலே உயிரை விடுகிறவளாயிற்றே. சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் பிரதாப் அவளுக்கு முன்பே கொழும்பிலிருந்து வந்திருந்தான். ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை அவனுக்கு. சாயங்கால பஸ்ஸில் பிள்ளையைக் கொத்மலையில் இருக்கும் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விடப் போகிறானாம். பிள்ளை இனி அங்கேதான் வளரும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். தனக்கும் சர்மிளாவுக்கும் இனி என்ன என்பதை அவன் சொல்லவில்லை. யாருக்கும் கேட்கவும் தைரியம் வரவில்லை.

பகல் சாப்பாடு முடிந்து பிரதாப் பிள்ளையின் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். பாயில் விட்டிருந்த பாப்பா தவழ்ந்து போய்க் கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தது. சர்மிளா கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் பிள்ளையின் மேல்தான் இருந்தன. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. பிரதாப் பையை விட்டுவிட்டு வந்து பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாத்துக்கிட்டீங்களா? இதுக்கு மேல என்ன வேணும்?"

இதே காட்சியை முந்தின நாள்தான் லோஜினி பார்த்திருந்தாள்.

அவளுடைய ஆய்வுகூடத்தில் எலிகளை வைத்து, மூளையில் சுரக்கும் டோபமினைப் பற்றி ஆராய்கிறார்கள். ஒன்று நமக்குப் பிடித்திருப்பது வேறு, அதற்காக எழுந்து போவது வேறு. அப்படி எழுப்பி அனுப்புகிற வேலையில் டோபமினுக்குப் பெரிய பங்கு. லோஜினி குட்டி போட்ட எலிக்கு டோபமினைத் தடுக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, குட்டிகளைக் கூட்டின் மறு மூலையில் வைப்பாள். மருந்து ஏறாத தாய் ஓடிப்போய் ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து சேர்த்துவிடும். மருந்து ஏறியது இருந்த இடத்திலேயே கிடக்கும். அதே குட்டிகளைக் கொண்டுபோய் அதன் வயிற்றோடு சேர்த்து வைத்தால் நக்கிக்கொடுத்துப் பாலும் கொடுக்கும். நேற்று அப்படியே நடந்தது. பேராசிரியருக்குப் பரம திருப்தி. 'குட்டிகளைத் தேடும் அக்கறை இல்லை' என்று கணினியில் பதிந்துவிட்டு லோஜினியும் சிரித்த முகத்தோடுதான் ஆய்வுகூடத்திலிருந்து கிளம்பினாள்.

இப்போதுதான் அக்காவை அவள் சரியாகப் பார்த்தாள். முகத்தில் அசைவே இல்லை. கண் இமைப்பதும் குறைவு. மடியில் கிடந்த விரல்கள் லேசாக நடுங்கின. காலையிலிருந்து இதே முகத்தைப் பார்த்துவிட்டு, மனசு சரியில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டாளே. படித்த படிப்பு எங்கே போயிற்று என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அக்கா, நீ ஏதும் மருந்து குடிக்கிறியா?"

சர்மிளாவுக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. "பஸ் மாத்திர மட்டுந்தான்."

அடுப்படியிலிருந்து காளியாயி எட்டிப் பார்த்தாள். "வாந்தி மாத்திரதான் புள்ள. டீச்சர் வேலைய ஹட்டன் பக்கத்து ஸ்கூலுக்கு மாத்துனாங்கல்ல. அந்த வளைவுல தெனமும் வாந்தி எடுத்துக்கிட்டுப் போனா. பாமசில மாத்திர கேட்டதும் குடுத்தாங்க. அதுக்கப்பறம் ஒரு நாளும் வாந்தி எடுக்கல."

"இப்ப ஸ்கூல் லீவுதானேம்மா?"

"லீவுன்னா? ஒடம்பு எளச்சுப் போச்சே. சாப்புட்டது வயித்துல தங்கட்டும்னு காலையிலயும் சாயங்காலமும் நான்தான் குடுக்குறேன். முடிஞ்சா அட்டையக் காட்டி வாங்கிட்டு வந்துருவேன்."

காளியாயி உள்ளே போய் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் பின்பக்கத்துப் பெயரை லோஜினி இரண்டு முறை படித்தாள். எலிக்கு அவள் ஏற்றுகிற மருந்தின் இனம்தான் இது. நாலு நாளைக்குக் குடிக்க வேண்டியதை அக்கா மாதக்கணக்காகக் குடித்திருக்கிறாள்.

"என்னா புள்ள? கெட்ட மாத்திரயா?" என்று கேட்டாள் காளியாயி.

லோஜினி திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். காளியாயி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். பிரதாப் அசைந்து கொடுக்கவில்லை.

"மாத்திரையில புள்ளப் பாசம் போயிருமா லோஜினி? அக்காவுக்காகப் பேசாத."

"பாசம் போகல அத்தான். எந்திரிக்க வைக்கிறதுதான் போயிருச்சு. பாப்பாவக் குடுங்க."

அவன் தோளிலிருந்த பிள்ளையை வாங்கி அக்காவின் மடியில் வைத்தாள். சர்மிளாவின் கைகள் பிள்ளையை மெதுவாக, ஆனால் இறுக்கமாக அணைத்தன. உச்சியை முகர்ந்தாள், கன்னத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். பாப்பா அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ஒரு வாரமாக அந்தப் பிள்ளையை அவள் மடியில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளிடம் போகவிடாமல் காவல் காப்பதிலேயே எல்லோரும் குறியாக இருந்தார்கள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம் அத்தான். டாக்டர் சொல்ற மாதிரி நிறுத்துனா கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். நாளாகும்."

அப்போது சர்மிளா பேசினாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்தது.

"அன்னைக்குப் பாப்பா கானுக்குப் போறது எனக்குத் தெரிஞ்சிச்சு. விழப் போகுதுன்னும் தெரிஞ்சிச்சு. எந்திரி, எந்திரின்னு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன். கால் எந்திரிக்கல. பேச்சியம்மா அக்கா தூக்குற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன்."

"ஏன்டி இத எங்ககிட்ட சொல்லல?" என்றான் பிரதாப்.

"ஏன் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எல்லாரும் திட்டுனீங்க. உள்ள என்னா நடந்திச்சுன்னு யாரும் கேக்கல."

பிரதாப் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். காளியாயி மகளின் பாதங்களைத் தேய்த்துவிட்டபடி, நான் குடுத்தேனே, நான் குடுத்தேனே என்று அரற்றிக்கொண்டிருந்தாள். லோஜினிக்கு நேற்றைய எலி நினைவுக்கு வந்தது. குட்டிகளைப் பார்த்தபடி கிடந்த அந்த எலி உள்ளுக்குள் எப்படிக் கத்தியதோ. அதற்கு அக்கறை இல்லை என்று எழுதிய விரல்களைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.