அடைப்பு எடுத்த பிறகு

குழாய் வேலைக்காரருக்கு டாக்டரம்மா மேல் சந்தேகம் வந்ததற்கு ஒரே காரணம், அவருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதுதான். எத்தனையோ வீடுகளில் மெயின் லைனில் அடைப்பை எடுத்து, கீழே தண்ணீர் கொட்டுவதைக் காட்டிவிட்டுக் கம்பி நீட்டியிருக்கிறார். உடைந்த துரு மாடிக் குழாய்களில் போய்ச் சிக்கிக்கொண்டது வீட்டுக்காரர்களுக்கு மறுநாள்தான் தெரியவரும்.

இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருக்குத் திரையைக் காட்டுகிறார். மனைவியின் இதயக் குழாயில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தாயிற்றாம். ஆனால் ரத்தம் தசைக்குள் இறங்கவில்லையாம். பெரிய குழாய் திறந்துவிட்டது, அதற்கு அப்பால் இருக்கும் பொடிக் குழாய்கள் ரத்தத்தை வாங்க மறுக்கின்றனவாம். இது குழாய் வேலைக்காரரின் சொந்தச் சரக்கல்லவா? துருவை அப்பால் தள்ளிவிட்டு எனக்கே கதை விடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். அதிலிருந்து நர்ஸ் ஊசியைத் தொட்டாலே, என்ன மருந்து, எதற்கு என்று துருவினார். நர்ஸ் முகம் சுளித்தாள்.

டாக்டரம்மா ஃபாரத்தோடு வந்தார். வலி காலை ஆறு மணிக்கு ஆரம்பித்ததாகக் கணவர்தான் அதில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"எட்டு மணிக்கே அடைப்பை எடுத்தாச்சு. ரெண்டு மணி நேரத்துல தசை இவ்வளவு கெட்டுப்போகாதே. எவ்வளவு நேரம் ரத்தமில்லாம கிடந்துச்சுன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிக்க முடியும்."

அவர் ஃபாரத்தில் தான் எழுதிய ஆறு மணியைப் பார்த்தார். நேற்று மத்தியானம் மனைவி நெஞ்சு வலி என்று போன் செய்தபோது அவர் யார் வீட்டிலோ பாதி அறுத்த பைப்போடு நின்றிருந்தார். வாயுவாக இருக்கும், வெந்நீர் குடித்துவிட்டுப் படு என்று சொல்லி வைத்துவிட்டார்.

டாக்டரம்மா கட்டிலில் கிடந்தவளிடமே கேட்டார். அவள் மூச்சு வாங்கக் கணவனை ஒருமுறை பார்த்தாள்.

"காலையிலதாம்மா."

சாகக் கிடக்கும்போதும் இவள் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று புரிந்ததும் அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்றா, டாக்டரம்மா. நேத்து மத்தியானமே வலி. வாயுன்னு சொல்லிப் படுக்க வெச்சது நான்தான்."

டாக்டரம்மா நேரத்தை அடித்துத் திருத்தி, நர்ஸிடம் வேறு மருந்து சொன்னார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேலை பார்த்த ஒரு வீட்டுலயாவது இப்படி ஒத்துக்கிட்டிருக்கீங்களா?" என்றாள்.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. கட்டிலை விட்டு விலகி வழிவிட்டார்.