மூன்றாவது வரிசைக்குப் பதினொன்று

எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள், நான். காரில் ஐந்து பேருக்குத்தான் இடம். அண்ணன் ஓட்டுவான், பக்கத்தில் அப்பா. பின்னால் குழந்தைகளுக்கான தனி சீட்டுகள் இரண்டு, அவற்றுக்கு நடுவில் நசுங்கியபடி அண்ணி. நான் பஸ். அம்மா வீடு.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. பஸ் படி ஏற முடியாது. சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அம்மா போகவில்லை, போனில்தான் பேசினாள். அதனால், மூன்று வரிசை வண்டி வாங்கப்போகிறோம் என்று அண்ணன் சொன்ன அன்று அம்மா வெளியே போட்டுக்கொண்டு போகும் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்ததை நான் பார்த்தேன்.

எந்த வண்டி என்பதில்தான் சண்டை. அண்ணன் வெள்ளை வண்டியைப் பார்த்து வைத்திருந்தான். அண்ணி கறுப்பு வண்டியை. இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஏறக்குறைய ஒரே நீளம். மூன்று வாரங்களாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்டால்கூடக் கார் வந்து நின்றது.

“அந்தக் கறுப்பு மேட்டுல ஏறாது. தள்ளிவிட உன் தங்கச்சி புருஷனைத்தான் கூப்பிடணும்.”

“அவர் நல்லாத்தான் ஓட்டுறாரு. நீங்க எத்தனை தடவை கேட்ல இடிச்சீங்கன்னு சுவத்துலயே இருக்கு.”

“எதை வேணா வாங்குங்க, முன்சீட்டு எனக்கு” என்றார் அப்பா. “அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.”

கடைசியில் அண்ணன் என்னைக் காட்டினான். “நம்ம இஞ்ச் டேப்பு அளந்து சொல்லட்டும். அவ யார் பக்கமும் இல்லை.”

“இந்த வீட்டுல யார் பக்கமும் இல்லாத ஆளு ஒண்ணு இருக்கா?” என்றாள் அண்ணி. “சரி, அளக்கட்டும்.”

நான் பகலில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பது என் பொறுப்பு. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைத்தான் எழுத வேண்டும். இரண்டு ஷோரூம்களிலும் அப்படியே செய்தேன். கதவின் அகலம், கூரையின் உயரம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு முன்னால் மிஞ்சும் இடம். எல்லாவற்றையும் மூன்று முறை அளந்தேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தேன்.

முழங்கால் இடம் வெள்ளையில் இருபத்து நான்கு சென்டிமீட்டர், கறுப்பில் பதினைந்து.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன் இரண்டு முறை அந்த எண்களை உரக்க வாசித்தான். “ஒன்பது சென்டிமீட்டர். கேட்டுச்சா? பின்னாடி அம்மாவும் இவளும் காலை நீட்டிட்டு வரலாம். ஞாயித்துக்கிழமை புக் பண்றோம்.”

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நாத்தனார் டேப்பு நாத்தனார் மாதிரிதானே அளக்கும்.”

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் என் அளவு சரி என்ற நிம்மதியில் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு அப்படிப்பட்ட நிம்மதி அபூர்வம். இதுவும் இரண்டு நாள்தான் நீடித்தது.

மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். புதன்கிழமை, நான் வரைந்த அறைப் படம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று நான் காட்டவில்லையாம். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த நடு வரிசை சீட்டு ஞாபகம் வந்தது.

வெள்ளை வண்டிக் கடையில், நான் டேப்பை எடுப்பதற்கு முன், டை கட்டிய விற்பனைக்காரர் நடு வரிசை சீட்டை ‘சர்’ரென்று முன்னுக்கு இழுத்துவிட்டு, “இப்ப அளங்க மேடம், எவ்ளோ இடம் பாருங்க” என்று சொன்னார். கறுப்பு வண்டியில் நடு வரிசை நகராது. நான் ஜன்னல் அளக்கிறவள். ஜன்னல் நகராது. சீட்டு நகரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்படி முன்னால் நின்றால் நடு வரிசையில் ஒரு மனிதர் உட்கார முடியுமா என்றும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய், நடு வரிசையைப் பின்னுக்குத் தள்ளி அளந்தேன். மூன்று இடத்தில். பதினொன்று.

வீட்டில் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்தேன். கடைசியில் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“நேத்து வரைக்கும் இருபத்து நாலு, இன்னிக்கு பதினொண்ணா?” என்றான் அண்ணன். “உன்னை அந்தப் பக்கம் இழுத்தது யாரு, உங்க அண்ணியா?”

“நான் ஏன் இழுக்கணும்? நீங்க வச்ச நடுவர், நீங்களே வச்சுக்குங்க” என்றாள் அண்ணி. ஆனால் அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

“மாலை வகுப்புன்னு போயிட்டு இதைத்தான் படிக்கிறியா?” என்றார் அப்பா.

“பதினொண்ணோ பதினஞ்சோ, அம்மாவுக்கு எவ்வளவு வேணும்னு நான் அளக்கவே இல்லை. அம்மாவைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுப் பார்க்கணும்.”

“அம்மா என்ன ஜன்னலா, அளக்கறதுக்கு?” என்றான் அண்ணன்.

அம்மா எல்லாருடைய தட்டிலும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “நான் வரேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அண்ணியின் தங்கை வீட்டில் விட்டு, அவர்களுடைய சீட்டுகளையும் கழற்றி வைத்துவிட்டுப் பழைய காரில் போனோம். முன்னால் அப்பா. பின்னால் அம்மா என் மடியில் காலை நீட்டிக்கொண்டு குறுக்காக உட்கார்ந்து வந்தாள். அண்ணி கதவோடு ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

முதலில் கறுப்பு. நடு சீட்டை மடக்கிக் கொடுத்த இடைவெளியில் அம்மா இடது காலை உள்ளே வைத்தாள், குனிந்தாள். வலது கால் வெளியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்தான், நான் இடுப்பைத் தாங்கினேன். அம்மா “போதும்” என்று சொல்லும்வரை விடவில்லை. அங்கிருந்து வெள்ளை. அங்கேயும் அதே கதைதான். வாசல் இன்னும் குறுகல். என் பதினைந்தும் பதினொன்றும் உள்ளே போனவர்களுக்குத்தான். அம்மாவால் உள்ளேயே போக முடியவில்லை.

டை கட்டியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனும் அண்ணியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“அப்ப அம்மா நடுவுல உக்காரட்டும். நீ பின்னாடி போ.”

“நான் பின்னாடி போனா, குழந்தை வாந்தி எடுத்தா யாரு பிடிக்கிறது? உங்க டிக்கி பிடிக்குமா?”

“ஒரு குழந்தை சீட்டைப் பின்னாடி மாட்டு.”

“கடைசி வரிசையில அதுக்குக் கொக்கி இல்லை சார்” என்றார் டை கட்டியவர்.

“உங்களை யாரும் கேக்கலை” என்றார்கள் இரண்டு பேரும்.

அண்ணன் மூச்சு விட்டான். “சரி விடு. அம்மா எப்பவும் போல வீட்டுல…” என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கி இழுத்ததில் புடவைத் தலைப்பு கசங்கியிருந்தது. நான் நோட்டைத் திறந்தேன். முன்சீட்டையும் அளந்திருந்தேன். அது அப்பாவுடைய இடம் என்பதால் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

“முன்சீட்டுல கால் வைக்க எழுபத்தொண்ணு இருக்கு” என்றேன். “முழுசா பின்னுக்குத் தள்ளின நிலையில.”

அப்பா ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்து பாட்டுப் பெட்டியின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார். “என்ன சொல்றா இவ?”

“அறுபத்தஞ்சு வயசு ஆளைப் பின்னாடி ஏத்தச் சொல்றியா?” என்றான் அண்ணன்.

“மாமா போய்க் கடைசி வரிசையில உக்காருவாரா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள் அண்ணி.

மூன்று வாரத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே பக்கம். இதிலும் நான் எதையோ பார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து நோட்டை மூடினேன்.

அம்மா வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து போய் முன்கதவைத் திறந்தாள்.

“இறங்குங்க.”

“எதுக்கு?”

“நான் உக்காரணும்.”

“முன்சீட்டு எனக்குன்னு முதல்லயே சொல்லிட்டேன்.”

“கேட்டேன். ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ளயே உக்காந்து கேட்டேன். இறங்குங்க.”

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டயரைப் பார்த்தான். அப்பா இறங்கினார்.

அம்மா முதலில் திரும்பி உட்கார்ந்து, பிறகு காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். நான் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். வலது கால் முழுதாக நீண்டது. அம்மா பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

“அப்ப நான் எங்க?” என்றார் அப்பா.

டை கட்டியவருக்கு விற்பனை கைநழுவிவிடும் பயம். “பின்னாடி தாராளமா இருக்கும், வாங்க சார்” என்று அப்பாவை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, நடு சீட்டை ‘சர்’ரென்று முன்னுக்கு இழுத்தார்.

“அதைப் பின்னுக்குத் தள்ளிட்டுக் காட்டுங்க” என்றேன்.

அவர் என்னை முறைத்தபடி தள்ளினார். அப்பா உயரமானவர். முழங்கால்கள் நெஞ்சுவரை ஏறி வந்தன.

“இன்னொண்ணுல எவ்வளவு?” என்று என்னைக் கேட்டார்.

“பதினஞ்சு.”

“கறுப்பையே வாங்கித் தொலைங்க.”

அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே போனான். அண்ணி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனாள். அப்பாவால் சட்டென்று இறங்க முடியவில்லை. கை கொடுக்கப் போன என்னைத் தட்டிவிட்டார். முன்னால் அம்மா இன்னும் பெல்ட்டைக் கழற்றவில்லை.