அக்கா வீட்டு ஹாலில் கோரை

தங்கை தன் வீட்டுத் தோட்டத்தில் காலையில் பிடுங்கிப் போட்ட கோரைப்புல், அன்று சாயங்காலமே, ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருந்த அக்காவின் நாலாவது மாடி வீட்டில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் முளைத்தது. அந்த வருடம் மழை சீக்கிரமே வந்துவிட்டது, தக்காளி விலையும் ஏறியிருந்தது, அதனால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் பொறுக்காத ஆள். டைல்ஸ் ஒட்டியவன் மணலைச் சலிக்கவே இல்லை என்று திட்டிக்கொண்டு கோரையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். மறுநாள் அது இன்னும் அடர்த்தியாக நின்றது.

தங்கை தையற்காரி. அம்மா இருந்த வீட்டிலேயே இருந்தாள். அம்மா போனதிலிருந்து தோட்டத்துக் கதவைத் திறக்கவில்லை. துவைக்கிற கல்லின் மேல் பாம்புச் சட்டை கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு மண்வெட்டியோடு இறங்கினாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். குனிந்தால் நிமிர வராது என்பதால் வேலிக் கம்பிகளைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டான். பிடுங்கியதையெல்லாம் அவள் பின்சுவர் ஓரமாகக் குவித்தாள். சாயங்காலம் பார்த்தால் குவியல் இருக்காது. ஆடு வந்து மேய்கிறது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள், அந்தத் தெருவில் யாரும் ஆடு வளர்க்கவில்லை என்றாலும்.

அக்காவும் தங்கையும் பேசி நாலு வருடமாகியிருந்தது. அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. மாதாமாதம் மாத்திரை வாங்கி அனுப்பியவள் அக்கா, வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தவள் தங்கை. அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் முன்னால், “நீ மாத்திரைய ஒழுங்கா குடுத்திருந்தா அம்மா இருந்திருப்பா” என்று அக்கா சொன்னாள். அன்றிலிருந்து அக்கா எதைக் கேட்டும் தங்கை பதில் சொல்லவில்லை.

கோரை முடிந்து தங்கை புதினாவுக்கு வந்தாள். கவனிப்பாரில்லாமல் அது துவைக்கிற கல் வரை ஓடியிருந்தது. அன்று அக்காவின் குளியலறை வாசலில் புதினா நின்றது. வேரில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருந்தது. அம்மா புதினா வைத்திருந்த ஓட்டை வாளி அது. சின்ன வயதில் வாளி மேல் ஏறிக் குதித்து உடைத்தது அக்காதான். அவள் போனை எடுத்தாள்.

“ஏண்டி, தோட்டத்துல கை வச்சியா?”

“யாரு பேசறது?”

“யாரா? அம்மாவோட புதினா என் பாத்ரூம் வாசல்ல நிக்குது. நான் குளிக்கறதா வேண்டாமா?”

“அப்ப அது ஆடு இல்லையா?” என்றாள் தங்கை.

மெக்கானிக் உட்கார்ந்தபடி பிடுங்கிப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை, செடி கிடந்த இடத்திலேயே காய்ந்தது. தங்கை கைபட்டால்தான் போனது. உடனே நிறுத்தச் சொன்னாள் அக்கா. கோபத்தில் தங்கை ஒரே மத்தியானத்தில் தொட்டாச்சிணுங்கி முழுவதையும் பிடுங்கினாள்; அக்கா படுக்கையறைக்குள் செருப்போடு போக வேண்டியதாயிற்று. ஆனால் பாத்தி கட்டுகிற பருவத்தை யாருடைய கோபத்துக்காகவும் தள்ளிப்போட முடியாது. மெல்ல ஒரு ஏற்பாடு வந்தது. நாளைக்கு எந்த மூலை என்று அக்கா கேட்பாள், தங்கை சொல்வாள், அக்கா அதற்குத் தோதாக நாற்காலிகளை நகர்த்துவாள். வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. முள்ளங்கியும் பீன்ஸும் நெருக்கமாக முளைத்தபோது தங்கை நடுநடுவே இருந்த நாற்றுகளைக் கலைத்து எடுத்தாள், நல்ல நாற்றுகள்தான். அவை ஹாலில் வரிசையாக நின்றன. அக்கா அவற்றைப் பிடுங்கவில்லை. துடைப்பக் குச்சியை ஊன்றிக் கொடி ஏற்றிவிட்டாள். பேங்க் கேஷியரான அவள் புருஷன் பீன்ஸ் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து நியூஸ் பார்த்தார். டிவி கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது என்பதைத் தவிர அவருக்குக் குறையில்லை.

காய்ப்பு முடிகிற சமயம், அம்மா படுத்திருந்த அறை ஜன்னலுக்கு வெளியே பட்டுப்போயிருந்த எலுமிச்சையை எடுத்தாள் தங்கை. அது மட்டும் லேசில் வரவில்லை. சுற்றிலும் தோண்டி, கயிறு கட்டி இழுத்து, மண்ணும் வேருமாகக் குவியலில் தள்ளினாள். அக்கா முன்கூட்டியே கட்டிலை நகர்த்தி வைத்திருந்தாள். மரம் அவளுடைய படுக்கையறையில் துளிரோடு எழுந்தது. மண் உதிர்ந்த வேர்களுக்குள் என்னவோ மினுங்கியது. குனிந்து பார்த்தாள். மாத்திரைகள். ஒவ்வொன்றும் அட்டையோடு, பல்லுப் பல்லாக வெட்டும் தையல் கத்தரியால் தனித்தனியாக வெட்டப்பட்டு. பிரிக்கப்படாமல்.

அந்த வாரம் அக்காவிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் பெட்டியோடு தங்கை வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வந்து, கைப்பையைத் தையல் மிஷின் மேல் கவிழ்த்தாள்.

“எலுமிச்சை வேர்ல இருந்துச்சு. நான் அனுப்பினதுதான் எல்லாம், வேளைக்கு வேளை நீ கத்தரிச்சுக் குடுத்தது. அம்மா முழுங்கவே இல்லடி. ஜன்னல் வழியா வீசியிருக்கா.”

தங்கை ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். “தண்ணி டம்ளர் காலியா இருக்கும். முழுங்கிட்டான்னு நெனச்சேன்.”

“நின்னு பாக்கலையா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு அக்கா தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். “இல்ல, நான் அதுக்குக் கேக்கல.”

“நின்னா கத்துவா. நான் என்ன பாப்பாவா, போடி வேலையப் பாருன்னு.”

அம்மாவின் குரல் தங்கைக்கு அப்படியே வந்தது. அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று பக்கத்தில் நின்ற மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

“அன்னிக்கு நாலு பேர் முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“கூடாதுதான்,” என்றாள் தங்கை. மாத்திரைகளை ஒரு கையால் ஓரமாக ஒதுக்கினாள். “மூஞ்சி கழுவிட்டு வா. பீன்ஸ் முத்திப்போகுது, பறிக்கணும்.”

அக்கா லீவு முடியும் வரை இருந்தாள். பறித்தாள், வேரோடு பிடுங்கவும் செய்தாள். அவள் பிடுங்கியவை எங்கும் போகாமல் குவியலில் கிடந்து மக்கின. பிறகு வந்த வருடங்களில், மழைக்கு முன்னால் தங்கை போன் செய்து எந்தப் பக்கம் ஆரம்பிக்கப் போகிறாள் என்று சொல்வாள், கேஷியர் பிரிட்ஜை நகர்த்துவார். பூசணி ஏறிய வருடம் சமையலறைக் கதவைக் கழற்றி வைத்தார்கள். எலுமிச்சை சீலிங் ஃபேனைத் தொட்டபோது ஃபேனைக் கழற்றினார்கள். மரத்தடியே போதுமான குளிர்ச்சியாக இருந்தது. யாராவது வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அதைத் தவிர, அந்தக் கட்டடத்தின் மற்ற வீடுகளைப் போலத்தான் அதுவும் இருந்தது.